கைக்குத் தெரிந்தது

ஒரு அறிவியல் ஆய்வுக்கட்டுரையில் மனிதர்களின் பெயர் வரக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று தலைப்புக்கு நேர்கீழே. இன்னொன்று எல்லாம் சொல்லி முடித்த பிறகு, மேற்கோள் பட்டியலுக்கு முன்னால், பொடி எழுத்தில் வரும் நன்றிப் பத்தி. மேலே இருப்பவர்கள் ஆசிரியர்கள், அதாவது கண்டுபிடித்தவர்கள். கீழே இருப்பவர்கள் உதவி செய்தவர்கள். இரண்டுக்கும் நடுவே எட்டுப் பக்கமோ பத்துப் பக்கமோதான் தூரம். ஆனால் கீழே இருக்கிற ஒருவர் அந்தப் பத்துப் பக்கத்தைக் கடந்து மேலே வர ஒரு வாழ்நாள் போதாது.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளலாம். யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யாருக்குப் பின்கட்டில் வைத்துக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்பதில் ஒரு சமூகத்தின் கணக்கு முழுக்க இருக்கும். பின்கட்டில் கொடுப்பதும் அதே சோறுதான், அன்பாகவேகூடக் கொடுப்பார்கள். இருந்தாலும் அது பந்தி இல்லை. ஆய்வுக்கட்டுரையின் நன்றிப் பத்தி பின்கட்டா இல்லையா என்பதுதான் என் கேள்வி. அறிவு என்று எதைச் சொல்கிறோம், அதில் கைக்கு எவ்வளவு பங்கு தருகிறோம் என்ற பெரிய கேள்வியின் சின்ன வடிவம் இது.

எனக்கு இந்தக் கேள்வி ஒரு லேசர் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, ஒரு பல்கலைக்கழகத்தில், பழைய மேசை நாற்காலிகள் போட்டுவைத்திருந்த அறையொன்றைக் காலிசெய்து, அணுக்களின் அயனியாக்கத்தை ஆராய ஒரு லேசர் நிறமாலை ஆய்வகத்தைக் கட்டினோம். மூன்று வருடம் ஆனது. முதல் இரண்டரை வருடத்தில் எங்களிடம் ஒரு வரித் தரவுகூட இல்லை. ஆண்டறிக்கையில் ‘பணி நடைபெறுகிறது’ என்று எழுதுவோம். அந்த இரண்டு சொற்களுக்குள் என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மீதியைப் பேச முடியாது.

அணு ஒன்றிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுத்தால் மிச்சமிருப்பது அயனி. நாங்கள் எடுத்துக்கொண்டது சோடியம். தெருவிளக்குகள் எல்.இ.டி. ஆவதற்கு முன்னால் மஞ்சளாக எரிந்ததே, அந்தச் சோடியம்தான். அதன் கடைசி எலக்ட்ரானைப் பிடுங்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். ஒரே தாவலில் எடுக்காமல் இரண்டு படியில் எடுப்பது எங்கள் திட்டம். 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளி எலக்ட்ரானை ஒரு படி மேலே ஏற்றும், அதற்கு 2.1 செலவாகும். மிச்சம் 3.04. அதை 355 நானோமீட்டர் புற ஊதா ஒளி தாராளமாகக் கொடுத்து எலக்ட்ரானை வெளியே தள்ளிவிடும். பரண்மேல் ஏற நடுவில் ஒரு ஸ்டூல் போடுவது மாதிரி. ஆனால் இந்த ஸ்டூல் சராசரியாக 16 நானோநொடிதான் நிற்கும். அதற்குள் இரண்டாவது ஒளி வந்து சேரவில்லை என்றால் எலக்ட்ரான் கீழே இறங்கிவிடும். ஒளி ஒரு நானோநொடியில் ஏறக்குறைய ஓர் அடி போகும். ஆகவே எங்களுடைய முதல் கருவி தையல்காரர் டேப். எந்தக் கண்ணாடியை மேசையில் எத்தனை அடி தள்ளி வைத்தால் இரண்டு ஒளியும் ஒன்றாக வந்து சேரும் என்று அளந்துகொண்டிருந்தோம்.

ஏன் இரண்டு படி? ஒவ்வொரு தனிமத்துக்கும் படிகளின் உயரம் வேறு. மஞ்சள் ஒளியைச் சோடியத்துக்குச் சரியாக வைத்துவிட்டால், பக்கத்தில் ஆயிரம் வேறு அணுக்கள் நின்றாலும் சோடியம் மட்டும்தான் படியேறும். 1977இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் இந்த முறையில் ஒரே ஒரு சீசியம் அணுவைக் கண்டறிந்து காட்டினார்கள். எண்ணிலடங்காத அணுக்களின் கூட்டத்தில் பெயர் சொல்லி ஒன்றைக் கூப்பிடுகிற வித்தை.

அந்த மஞ்சள் ஒளியை எங்களுக்குக் கொடுத்தது ரோடமின்-பி. ஆமாம், 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடைசெய்ய வைத்த அதே ரோடமின்-பிதான். துணிக்கும் காகிதத்துக்கும் நிறமேற்ற வந்த சாயம். 1966இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் தனித்தனியாக, சாயக் கரைசலிலிருந்து லேசர் எடுக்க முடியும் என்று கண்டுபிடித்தார்கள். ரோடமின் கரைசலில் பச்சை லேசரைப் பாய்ச்சினால் அது மஞ்சளும் சிவப்புமாக ஒளிரும். உள்ளே ஒரு கிரேட்டிங்கைத் திருப்பி வேண்டிய நிறத்தை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம். சாயப்பட்டறை ஊர்க்காரனான எனக்கு அந்த முதல் நாள் கரைசல் கலக்கியபோது விரல் இடுக்கில் ஒட்டிய ரோஸ் நிறம் புதிதாகத் தெரியவில்லை.

லேசர் கடையில் வாங்கியது. வாங்க முடியாதது வெற்றிடம். பிரிந்த அயனி யார்மீதும் மோதாமல் உணர்கருவி வரை போய்ச் சேர வேண்டும் என்றால், பாத்திரத்துக்குள் காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். உள்ளே ஒரு கைரேகை விழுந்தால்கூட அந்த எண்ணெய்ப் பிசுக்கு நாள்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எங்களுடைய எஃகுப் பாத்திரம் துறையின் பட்டறையிலேயே கடைந்தது. பம்பை ஓட்டினால் அழுத்தம் இறங்கும், இறங்கும், ஓர் இடத்தில் வந்து நின்றுவிடும். இரண்டு மாதம் நின்றது. ஓ-ரிங்கை மாற்றினோம், பம்ப் எண்ணெயை மாற்றினோம், இணைப்புகளில் ஸ்பிரிட்டைச் சிரிஞ்சால் பீய்ச்சி கேஜ் முள் துள்ளுகிறதா என்று பார்த்தோம்.

பட்டறையில் ஒப்பந்தத்தில் இருந்த மெக்கானிக் அண்ணன் ஒருநாள் பிளாஞ்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோவையில் பம்ப்செட் பட்டறையில் லேத் பிடித்து வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். கண்ணை மூடிக்கொண்டு, ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தைச் சுற்றிக் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தினார். “இங்க பாருங்க தம்பி. கோடு வட்டமாச் சுத்தி ஓடுனா எத்தன இருந்தாலும் பரவால்லீங்க. குறுக்க ஒண்ணு ஓடுனாப் போச்சு. அதுதான் காத்துக்கு வழி.” என் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது மயிரிழையில் ஒரு கீறல் இருந்தது. லேத்தில் மறுபடி கடைந்தார். மூன்று தடவை கழற்றி மாட்டினார். நான்காவது நாள் அழுத்தம் வேண்டிய இடத்துக்கு இறங்கியது.

ஆறு மாதம் கழித்துக் கட்டுரை எழுதினோம். தலைப்புக்குக் கீழே நான்கு பெயர்கள், அதில் ஒன்று என்னுடையது. அண்ணனின் பெயர் நன்றிப் பத்தியில், ‘தொழில்நுட்ப உதவிக்காக’. ஐந்தாவது பெயராக மேலே போடலாமே என்று என் வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர், அவருடைய பதிலும் நல்ல பதில். “ஆசிரியர்னா அந்தக் கட்டுரைக்கு முழுப் பொறுப்பு. நாளைக்கு ஒருத்தர் மூணாவது சமன்பாடு எப்படி வந்ததுன்னு கேட்டா இவர் பதில் சொல்லணுமே?” என்றார்.

அண்ணனின் பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை. நான் கேட்ட இடம் வேறு. இங்கே எழுதினால் இது இன்னொரு நன்றிப் பத்தி ஆகிவிடும்.

*

அயனியாக்கத்தைப் பற்றி யார் பேசினாலும் மேக்நாத் சாஹாவிடம் போய்த்தான் ஆக வேண்டும். நான் அவரிடம் போவதற்கு இயற்பியல் மட்டும் காரணமில்லை.

1893இல் டாக்காவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சின்ன மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் சாஹா. சாதி அடுக்கில் தாழ்வாக வைக்கப்பட்ட குடும்பம். 1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்து ஈடன் இந்து விடுதியில் தங்கியபோது, உடன் படித்த சில மாணவர்கள் அவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். அவர் தனியாகச் சாப்பிட்டார். வகுப்பில் சத்யேந்திரநாத் போஸ் உடன் படித்தவர். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். இப்படிப்பட்ட வகுப்பறை, அப்படிப்பட்ட சாப்பாட்டு அறை, இரண்டும் ஒரே கல்லூரி வாழ்க்கைக்குள்.

1920இல் வெளியான அவருடைய கட்டுரை சூரியனைப் பற்றிய ஒரு புதிரை அவிழ்த்தது. சூரியனின் வெளி அடுக்கில் உயரே போகப்போக, எலக்ட்ரானை இழந்த கால்சியத்தின் ஒளிக்கோடுகள்தான் ஓங்கித் தெரிகின்றன. வெறும் வெப்பம் அணுவை உடைக்கிறது என்றால், உயரத்தில் ஏன் அதிகம் உடைய வேண்டும்? சாஹா சொன்ன பதில்: வெப்பம் மட்டுமில்லை, அழுத்தமும் சேர்ந்து முடிவுசெய்கிறது. கூட்டம் நெரியும் பேருந்து நிலையத்தில் கைவிட்டுப்போன பிள்ளை உடனே யார் கையிலாவது அகப்படும். ஆளில்லாத ரோட்டில் நடந்துகொண்டே இருக்கும். அடர்த்தி குறைந்த இடத்தில் பிரிந்துபோன எலக்ட்ரானுக்குத் திரும்பிச் சேர அயனி கிடைப்பதில்லை. இதை ஒரு சமன்பாடாக எழுதினார். நட்சத்திரங்களின் நிறமாலையைப் பார்த்து அவற்றின் வெப்பநிலையைச் சொல்ல உலகத்துக்கு அதன் பிறகுதான் வழி கிடைத்தது.

இதைச் சொன்னதும் என் வாதத்துக்கு எதிரான ஆயுதம் கையில் வந்துவிடும். பார்த்தாயா, சாஹாவிடம் ஆய்வகமே இல்லை. காகிதமும் பென்சிலும்தான். கையை நம்பாமல் தலையால் மட்டும் சூரியனைத் தொட்டவர் இல்லையா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவருடைய சமன்பாட்டுக்குள் ஒவ்வொரு தனிமத்தின் அயனியாக்க ஆற்றலையும் எண்ணாகப் போட வேண்டும். அந்த எண்கள் யாரோ கண்ணாடிக் குழாயில் வெற்றிடம் உண்டாக்கி, கசிவை அடைத்து அளந்தவை. அவர் விளக்கிய நட்சத்திர வரிசை ஹார்வர்டு வானாய்வகத்தில் உருவானது. அங்கே புகைப்படத் தட்டுகளைப் பார்த்துக் கோடுகளைப் பிரித்தவர்கள் பெண்கள். மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். வில்லியமினா ஃபிளெமிங் அந்த வானாய்வக இயக்குநர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து உள்ளே வந்தவர். ஆன்னி ஜம்ப் கேனன் இரண்டேகால் லட்சம் நட்சத்திரங்களை வகைப்படுத்திப் பட்டியல் தந்தார். இப்படிச் சிலரின் பெயர் நின்றது. பலருடைய பெயரை நாம் கேட்டதே இல்லை. தட்டைப் பார்த்துச் சட்டென்று வகையைச் சொல்லும் அந்தக் கண்ணுக்கு, அந்த வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை. சாஹாவுக்கு ஏன் என்று தெரிந்தது. அந்தக் கண்கள் இல்லாவிட்டால் விளக்குவதற்கு அவரிடம் வரிசையே இருந்திருக்காது.

தலையால் மட்டும் முடியாது என்று சாஹாவைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. தன் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க லண்டனில் ஃபௌலரின் ஆய்வகத்துக்குப் போனார், அங்கிருந்து பெர்லினில் நெர்ன்ஸ்ட்டின் ஆய்வகத்துக்குப் போனார். திரும்பி வந்து 1923இல் அலகாபாத்தில் சேர்ந்த பிறகு, கற்பித்தல் சுமைக்கு நடுவே ஓர் ஆய்வுத்துறையைக் கட்டியெழுப்புவதில் வருடங்களைச் செலவிட்டார். அதற்குள் அவர் கணித்த ஒன்றை வேறு நாட்டில் வேறொருவர் சரிபார்த்தார். ரூபிடியத்தின் எலக்ட்ரான் எளிதாகப் பிரிந்துவிடும். ஆகவே சூரிய முகத்தில் அதன் கோடுகள் தெரியாது, குளிர்ந்த சூரியப் புள்ளிகளில் தேடிப் பாருங்கள் என்றவர் சாஹா. நல்ல தொலைநோக்கியும் தட்டுகளும் கைவசம் இருந்த அமெரிக்காவில், 1922இல் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் அதை உறுதிசெய்து எழுதினார். அதற்கும் முன்பு, 1917இல், ஓர் அமெரிக்க இதழுக்குச் சாஹா அனுப்பிய கட்டுரைக்கு, அச்சுச் செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றால் வெளியிடலாம் என்று பதில் வந்தது. நூற்றுக்கணக்கான டாலர். அவரால் முடியவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் இடமில்லை, இதழில் இடத்துக்குக் காசில்லை, சோதிக்க ஆய்வகமில்லை. மூன்றும் ஒரே வகைத் தடை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஒருவருக்குத் தெரிந்தது, தெரிந்ததாகக் கணக்கில் ஏறுவதற்கு அவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது முக்கியமாகிவிடுகிறது.

*

சாஹாவின் ஆசிரியர் பிரபுல்ல சந்திர ராய் இதைப் பற்றி நேராகவே எழுதியிருக்கிறார். ‘இந்து வேதியியல் வரலாறு’ நூலின் முதல் தொகுதி 1902இல் வந்தது. உலோகத்தை உருக்கவும் சாயமேற்றவும் மருந்து காய்ச்சவும் தெரிந்த ஒரு நாட்டில் அறிவியல் ஏன் தேங்கியது என்று அதில் கேட்கிறார். அவருடைய விடை சாதி. சிந்திப்பவர்கள் தொழிலிலிருந்து விலகிக்கொண்டார்கள். தொழில் செய்பவர்களிடமிருந்து சிந்திக்கும் வாய்ப்பு பறிக்கப்பட்டது. பிணத்தைத் தொடுவது தீட்டு என்றான பிறகு உடற்கூறு எப்படி வளரும் என்று கேட்கிறார். ஏன், எப்படி என்ற கேள்வி ஒரு தெருவிலும், கருவி இன்னொரு தெருவிலும் இருந்தால் இரண்டும் சந்திப்பது எங்கே?

இது நம்முடைய நோய் மட்டுமில்லை. 1659இல் ராபர்ட் பாயிலுக்குக் காற்றுப் பம்பைக் கட்டிக் கொடுத்தவர் ராபர்ட் ஹூக். பிற்காலத்தில் ஹூக் பெயர் பெற்றார். ஆனால் பாயிலின் ஆய்வகத்தில் பம்பை இயக்கி, கசிவை அடைத்து, அளவைக் குறித்த பல பேர் பெயரில்லாமலே போனார்கள். வரலாற்றாசிரியர் ஸ்டீவன் ஷேபின் 1989இல் அவர்களைத் தேடி ஒரு கட்டுரையே எழுதினார். கூலி வாங்குகிறவன் இன்னொருவனுக்குக் கட்டுப்பட்டவன், ஆகவே அவன் சாட்சியம் சாட்சியம் ஆகாது என்று அந்தக் காலத்து இங்கிலாந்து நினைத்தது என்கிறார் ஷேபின். நம்மூரில் அதே வேலையைப் பிறப்பு செய்தது.

எங்கள் அவிநாசிபாளையம் திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் சாலையில், கோவை–திருச்சி சாலை குறுக்கே வெட்டும் இடத்தில் இருக்கிறது. விடிந்ததும் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். எங்கள் பக்கத்தில் ‘லேப்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. சாயப்பட்டறையில் முகவைகளும் சின்ன டையிங் மெஷினும் இருக்கும் அறைக்குப் பெயர் லேப். வெளிநாட்டு பையர் ஒப்புக்கொள்வதற்காகச் சாயமேற்றி அனுப்பும் துணித்துண்டுக்குப் பெயர் லேப் டிப். அங்கே டையிங் மாஸ்டரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு துணியை டியூப்லைட்டில் வைத்து ஒரே ஷேடு என்பார். அப்புறம் கையோடு வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்து, “செவப்பு அடிக்குது” என்று திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு வேறு சாயக் கலவைகள் ஒரு விளக்கில் ஒரே நிறமாகவும் இன்னொரு விளக்கில் வேறு நிறமாகவும் தெரியும் என்பது நிறமாலையியலின் அடிப்படைப் பாடம். விளக்கில் என்ன ஒளி இருக்கிறது, துணி எதை விழுங்குகிறது, எதைத் திருப்புகிறது என்பதெல்லாம் அதற்குள் வந்துவிடும். மாஸ்டர் அதைப் பாடமாகப் படித்தவரில்லை. அவர் கண்ணுக்கு அது தெரியும். என் அம்மா பதினெட்டு வருடம் செக்கிங்கில் இருந்தார். துணியை விரித்த கணத்தில் எந்த ஊசி பழுது என்று சொல்லிவிடுவார். கேனனின் கண்ணைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கண்தான்.

இங்கே ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இப்படியே எழுதிக்கொண்டு போனால், பனியன் கம்பெனியும் ஆய்வகம்தான், டெய்லரும் விஞ்ஞானிதான் என்று முடித்துவிடலாம். கேட்க இனிக்கும். ஆனால் பொய். ஓவர்லாக் மெஷினில் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்திருக்கும் கை ஆராய்ச்சி செய்யவில்லை. அதற்குத் திறமை இருக்கிறது, கேள்வி கேட்க நேரம் இல்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் இந்த நூல் ஏன் இங்கே அறுகிறது என்று அரை மணி நேரம் நின்று பார்த்தால் அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. எங்கள் ஆய்வகத்தில் இரண்டு மாதம் அழுத்தம் இறங்காமல் நின்றபோது எங்களுக்குச் சம்பளமும் உதவித்தொகையும் வந்துகொண்டுதான் இருந்தது. தவறாகப் போனதை நின்று பார்ப்பதற்குக் கொடுக்கப்படும் காலம், அதுதான் ஆய்வகத்துக்கும் பட்டறைக்கும் உள்ள வித்தியாசம். அண்ணன் அந்த அரிய இடத்தில் இருந்தார். அவர் கைக்கு முதல்முறையாகக் கேள்வி கேட்கும் நேரம் கிடைத்தது. கேட்டது, விடையும் கண்டுபிடித்தது. அதனால்தான் அவர் விஷயத்தில் ‘உதவி’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது.

*

இனி வழிகாட்டியின் பதிலுக்கு வருகிறேன். பொறுப்பு. மூன்றாவது சமன்பாட்டைக் கேட்டால் அண்ணனால் பதில் சொல்ல முடியாது, உண்மை. ஆனால் அந்த அளவு வெற்றிடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியுமா? ‘அண்ணன் செய்தார்’ என்றுதான் சொல்ல முடியும். முழுக் கட்டுரைக்கும் ஒருவரே பொறுப்பேற்க முடிந்தால்தான் ஆசிரியர் என்றால் எங்கள் நான்கு பேரில் யாருமே தேற மாட்டோம். 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து செர்ன் குழுவினர் வெளியிட்ட கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களுக்கும் அவர்களுடைய நிறுவனங்களுக்குமே போயிற்று. அந்த ஐயாயிரம் பேரும் அதில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பெரிய ஆய்வகங்கள் பந்தியை நீட்டிக்கொண்டன. சின்ன ஆய்வகங்கள்தான் இலையை எண்ணிப் போடுகின்றன.

எழுதப்பட்ட விதிகளும் இருக்கின்றன. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைப் பல துறைகள் பின்பற்றுகின்றன. ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பொறுப்பேற்பு. நான்கும் வேண்டும். ஆனால் அதே விதியிலேயே இன்னொரு வாக்கியமும் உண்டு: எழுதும் வாய்ப்பை மறுத்துவிட்டு, எழுதவில்லை என்ற காரணத்தால் ஒருவரை நீக்கக்கூடாது. இதை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. நம் நாட்டில் அந்த வாய்ப்பை மறுக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. ஆங்கிலமே அதைச் செய்துவிடுகிறது.

அதனால் ஒரு மதிய நேரம், பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து, கருவியைப் பற்றிய பகுதியை அண்ணனுக்குத் தமிழில் வரிவரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “பிளாஞ்ச மூணு தடவ கழட்டி மாட்டுனத எழுதலீங்களா தம்பி?” என்றார். அதெல்லாம் கட்டுரையில் எழுத மாட்டாங்கண்ணா, முடிவு மட்டும்தான் என்றேன். “அப்புறம் அடுத்துக் கட்டறவன் இதே எடத்துல வந்து உளுவானுங்களே” என்றார்.

இதைவிட நல்ல திருத்தத்தை எனக்கு எந்த மதிப்பீட்டாளரும் சொன்னதில்லை. கட்டுரைகள் எல்லாமே கருவி பிறக்கும்போதே சரியாகப் பிறந்தது மாதிரி எழுதப்படுகின்றன. கசிவு, கீறல், கழற்றி மாட்டியது எல்லாம் துடைக்கப்பட்டுவிடுகின்றன. கையின் வேலையைத் துடைப்பதும் கையின் பெயரைத் துடைப்பதும் ஒரே பழக்கம்தான். அதில் நஷ்டம் அண்ணனுக்கு மட்டுமில்லை, அடுத்து எங்கோ ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் ஆய்வகம் கட்ட உட்காரும் மாணவிக்கும்தான். முற்றும் அறிந்தவருக்கு முடிவு போதும். புதிதாகக் கட்டுபவருக்கு வழிதான் வேண்டும். வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். கடைசல் கோடுகள் வட்டமாகவே இருக்க வேண்டும், குறுக்குக் கீறல் கசியும் என்ற வாக்கியம் கட்டுரைக்குள் போயிற்று. சொன்னவரின் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது.

அண்ணனுக்கு அதில் வருத்தமில்லை. “எம் பேரு எதுக்குங்க, சம்பளம் தேதிக்கு வந்தாப் போதும்” என்றார். பலரும் இந்த இடத்தில் நிம்மதியடைந்துவிடுவார்கள். அவருக்கே வேண்டாமாம், நமக்கென்ன? ஆனால் ஒருவர் வேண்டாம் என்று சொல்வதற்கும், வேண்டும் என்று கேட்கலாம் என்பதே அவருக்குச் சொல்லப்படாததற்கும் வித்தியாசம் இருக்கிறது. பெயர் என்பது பெருமைக்கு மட்டுமில்லை. அந்தக் கட்டுரை எனக்கு முனைவர் பட்டத்தில் ஓர் அத்தியாயம், அடுத்த வேலைக்கு ஒரு வரி. திட்டம் முடிந்ததும் அண்ணனின் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த இடத்தில் ‘இதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பனியன் கம்பெனியில் புது ஆளைச் சேர்க்கும்போது சான்றிதழ் கேட்பதில்லை. ஒரு பீஸைக் கொடுத்துத் தைத்துக் காட்டச் சொல்வார்கள். கையே சாட்சி. பல்கலைக்கழகத்தில் காகிதம்தான் சாட்சி. அந்தக் காகிதத்தில் யார் இருக்கலாம் என்று முடிவுசெய்யும் இடத்தில் நாம் இருக்கிறோம் என்றால், அது மரியாதை பற்றிய முடிவு மட்டுமில்லை, ஒருவரின் அடுத்த மாதச் சம்பளம் பற்றிய முடிவும்கூட.

எல்லோரையும் ஆசிரியராக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறையைக் கூட்டியவர், பில் போட்டவர், லேசரை லாரியிலிருந்து இறக்கியவர் எல்லோருக்கும் ஒரே இடம் என்றால் ஆசிரியர் என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை. என் அளவுகோல் எளிமையானது. ஆய்வு நின்றுபோன இடத்தில், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமல், தன் அறிவால் அதை நகர்த்தியவர் யார்? அவர் ஆசிரியர். அந்த அறிவு அவருக்குத் தலையில் இருந்ததா நகத்தில் இருந்ததா என்பது அவருக்கும் அவர் உடம்புக்கும் இடையிலான விஷயம். சொன்னதைச் செய்தவருக்கு நன்றி சொல்லலாம். சொல்லப்படாததைக் கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்வது, அவருக்குச் சேர வேண்டியதைக் குறைத்துக் கொடுப்பது.

இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சின்ன ஆய்வகம், ஒரு டயோடு லேசர், ஒரு பழைய ரோட்டரி பம்ப். முதல் நாளே மாணவர்களோடு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துவிடுகிறோம். என்ன பழுதானது, யார் கண்டுபிடித்தார்கள், எப்படி. அதில் மாணவர்கள், லேப் அசிஸ்டென்ட், மோட்டார் சுற்ற வெளியிலிருந்து வரும் எலக்ட்ரீஷியன் எல்லோருடைய பெயரும் தேதியோடு இருக்கும், தமிழிலேயே. ஒரு நாள் இங்கிருந்து ஒரு கட்டுரை போகும் என்றால், தலைப்புக்குக் கீழே யார் பெயர் வரும் என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவுசெய்வது என்று பேசி வைத்திருக்கிறோம். கட்டுரை இன்னும் வரவில்லை. நோட்டில் நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது.